அளவு ரவிக்கை

பீரோவைத் திறப்போம், திறந்த வேகத்தில் மூடுவோம். ஒருநாள் இருநாள் அல்ல, ஆறு திங்கள் இதுவே நம் காலைக் கடன். கோட்டூர்புரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில், இரண்டாம் மாடி அறையில், நாமும் கண்ணாடியும் பகைவராகிக் கிடந்த காலம் அது. வந்த நோய் மார்பகப் புற்றுநோய். இடப்பக்கத்து மார்பை அகற்றி, மருத்துவர் உயிரை மீட்டுத் தந்தார். உயிர் மீண்டது. ஆனால் பீரோ நிறைய இருந்த ரவிக்கைகளில் ஒன்றுகூட நம்முடையதாக இல்லை!

“பிழைத்ததே பெரிது, உடையா கவலை?” என்று கேட்போர் உண்டு. கேட்டும் விட்டனர். பிழைத்தவள் வாழ வேண்டாமா? கடைக்குப் போக, பேருந்தில் ஏற, நாலுபேர் முன்னே நிமிர்ந்து நிற்க வேண்டாமா? ஐம்பத்து நான்கு வயதில் நாம் தேடியது ஒய்யாரம் அல்ல; தெருவில் இறங்கும் துணிவு.

அந்த நேரம் பார்த்து அக்காள் மகளின் திருமணம் வந்தது. இராகுகாலம் பாராது, மந்திரம் ஓதாது, மாலை மாற்றி உறுதிமொழி கூறும் சுயமரியாதைத் திருமணம். 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தமிழகத்தில் ஏற்பு பெற்ற முறை. அம்மணத்துக்கு எவரும் ‘ஆகாதவள்’ ஆகார். அப்படியிருந்தும் நாம் வரமாட்டோம் என்றோம். சகுனம் நம்மைத் தடுக்கவில்லை, சாத்திரம் தடுக்கவில்லை. நம் வெட்கமே தடுத்தது. ஊரார் மூடநம்பிக்கையைச் சாடிய நாம், நம் உள்ளத்தில் ஒன்றை ஊட்டி வளர்த்திருந்தோம்!

அக்காள் விடவில்லை. தையற்கடைக்கு அழைத்துப் போனாள். வழக்கம்போல் அளவு ரவிக்கையை நீட்டினோம். நிலைமையையும் சொன்னோம். கடைக்காரர் நிமிராமலே சொன்னார்: “வீட்டோடு இருப்பவர்தானே அம்மா, யார் பார்க்கப் போகிறார்கள்?” கொடியவர் அல்லர் அவர். பெண்ணின் உடை பிறர் பார்ப்பதற்கே என்று ஊர் கற்றுக்கொடுத்த பாடத்தை ஒப்பித்தார், அவ்வளவே.

வரலாறு அறிந்தோர் அப்படிச் சொல்வரோ? திருவிதாங்கூரில், தோளை மறைக்கும் சீலைக்காக நாடார் குலப் பெண்கள் பல்லாண்டு போராடினர். அடி பட்டனர், ஆடை கிழிக்கப்பட்டனர். 1859-இல்தான் அரசர் ஆணை பிறப்பித்து மேலாடை உரிமையை ஒப்பினார். அப்போதும், மேற்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாதென்று ஒரு முள்வேலி போட்டே ஒப்பினார். சட்டம் போட்ட வேலி ஒருவகை. கூச்சம் போடும் வேலி மற்றொருவகை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பெண்ணின் உடல் அவளுக்குச் சொந்தமில்லை என்ற எண்ணம்!

வழி கிடைத்தது நம் குடியிருப்பின் தரைத்தளத்திலேயே. வாசலோரம் தையல் இயந்திரம் மிதிக்கும் ஒரு தங்கை, அளவு ரவிக்கையை வாங்கி ஒருபுறம் வைத்தாள். “இது பழைய உடம்போட அளவு அக்கா. இன்னைக்கு இருக்கிற உடம்பை அளக்கிறேன், நேரா நில்லுங்க” என்றாள். ஆறு திங்களில் முதன்முறையாக நேராக நின்றோம்.

அவளிடம் கற்றதைப் பிற சகோதரிகளுக்காக எழுதுகிறோம். கையைத் தூக்க முடியாத தொடக்க வாரங்களில் தலைவழியே மாட்டும் உடை துன்பம். முன்பக்கம் கொக்கி வைத்த நம் ரவிக்கையே நலம். அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்றியிருந்தால் அந்தக் கை வீங்கக் கூடும். ஆகவே அப்பக்கத்துக் கையைத் தளர்வாக, முழங்கைவரை தைக்க வேண்டும். இறுக்கும் வளையலும் ஆகாது. உள்துணியில் ஒரு பை வைத்துத் தைத்தால், பருத்தியாலோ சிலிக்கனாலோ ஆன செயற்கை மார்பு நழுவாது நிற்கும். பருத்தியாலானது எடையற்றது, தழும்பு ஆறிய புதிதில் உகந்தது. சிலிக்கனுக்கு எடை உண்டு. இருதோளும் சமமாக நிற்க உதவும். ஒன்றும் வைக்காமல் தட்டையாகவே உடுத்துவதும் ஒரு வழி, அதுவும் குறையன்று.

சேலையிலும் சூட்சுமம் உண்டு. உடலோடு ஒட்டும் மெல்லிய துணி உள்ளதையும் இல்லாததையும் காட்டிவிடும். காரைக்குடிக் கண்டாங்கி போன்ற தடித்த பருத்தி தன் விறைப்பிலேயே விலகி நிற்கும். முந்தானையைக் குறுகலாக மடித்து ஊசி குத்தாமல், அகன்ற இரண்டு மூன்று மடிப்பாக விட வேண்டும். நம் வழக்கப்படி முந்தானை இடத்தோளில் ஏறுவதால் இடப்பக்கம் இயல்பாக மறையும். வலப்பக்கம் இழந்தவர், குசராத்தியர்போல் பின்னிருந்து வலத்தோள்வழி முன்னே கொணரலாம். ஐந்தரை மீட்டர் துணி எந்த உடம்பையும் தள்ளிவைப்பதில்லை. தள்ளிவைப்பது மனிதர்தாம்!

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே இன்று முதலிடம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கி வைத்தார். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் வாதாடியவரும் அவரே. அம்மருத்துவமனை நம் வீட்டுக்கு அருகிலேயே உள்ளது. இருந்தும், கட்டி தட்டுப்பட்ட பின்னும் நாம் மூன்று திங்கள் வாய் திறக்கவில்லை. ஏன்? உருவம் போய்விடுமே, ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம்! தொடக்கத்திலே கண்டால் கட்டியை மட்டும் அகற்றி மார்பைக் காக்கவும் இயலும். மறைத்ததால் வளர்ந்தது நோய். உருவத்தை எண்ணி அஞ்சியே உருவத்தை இழந்தோம்.

திருமணத்துக்குப் போனோம். கருஞ்சிவப்புக் கட்டம் போட்ட கண்டாங்கி, முழங்கைவரை ரவிக்கை. வந்திருந்த உறவினர் ஒருத்தி நம் மார்பையே பார்த்தாள். பின் முகத்தைப் பார்த்தாள். பந்தியில் அருகே அமர்ந்து, மெல்லக் கேட்டாள்: “அக்கா, எனக்கும் ஒரு கட்டி மாதிரி இருக்கு. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியலே.” மறுநாட்காலை அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் நாமே.

வீட்டோடு இருந்திருந்தால் அவள் யாரிடம் கேட்டிருப்பாள்?

அந்தப் பழைய அளவு ரவிக்கை இப்போது பீரோவில் இல்லை. அதன் துணியை வெட்டித்தான், புதிய ரவிக்கைகளுக்கு உட்பை தைத்துத் தந்தாள் தங்கை.