தலவாக்கலைக் கராஜில் ஒரு கியர் பெட்டி

எனக்கு மோட்டார் வேலை தெரியும் என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்தவள். என் அம்மா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தில் பிறந்தவர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2009 இல் கணவரை இழந்து, மெனிக் பாம் முகாமில் இருந்து, இரண்டு பிள்ளைகளுடன் வெளியே வந்தபோது எனக்குப் போக்கிடமாக இருந்தது அம்மா விட்டுவந்த அதே மலைதான். அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, தலவாக்கலையில் ஒரு சின்னக் கராஜ் வைத்திருந்தார்.

என் கணவர் கிளிநொச்சியில் பழைய ஒஸ்ரின் காரில் ஹயர் ஓடியவர். 1990 இல் இருந்து வடக்குக்குப் பெற்றோல் வராத காலத்தைச் சகோதரிகள் மறந்திருக்க மாட்டீர்கள். கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெயில் இஞ்சின் இலேசில் ஸ்ரார்ட் ஆகாது. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேற்றருக்குள் விட்டு, இஞ்சின் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு விடவேண்டும். அந்தத் துளி விடும் வேலை என்னுடையது. பிளக்கைக் கழற்றிக் கரி துடைப்பதும் அப்படியே பழகியது. ஆனால் அவர் கியர் பெட்டியை ஒருநாளும் திறந்ததில்லை. அது ஏன் என்று மலைக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

முகாமிலிருந்து வந்த பெண்களுக்குத் தையல் மெஷினும் கோழிக்குஞ்சும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, அதில் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு ஊரில் எத்தனை பேர்தான் சட்டை தைப்பது? நான் மாமாவின் கராஜில் கணக்கு எழுதப் போனேன். கொஞ்ச நாளில் கணக்குக் கொப்பியை விட ஸ்பானரைத்தான் கூடப் பிடித்தேன்.

கராஜின் பின்பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய மொறிஸ் மைனர் ஒன்று கிடந்தது. 1098 சீ.சீ. இஞ்சின், அறுபதுகளில் வந்த கார். முதலில் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் இருந்ததாம். இங்கிலாந்தில் 1948 தொடக்கம் 1971 வரை இந்தக் காரைச் செய்தார்கள். அந்த நாட்டுக் கார்களில் பத்து இலட்சத்தைத் தாண்டிய முதலாவது கார் இதுதான். இலக்கத்தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' இருந்தது. அந்த ஓர் எழுத்துக்காக 1957, 58 இல் எவ்வளவு தார் பூசப்பட்டது, எவ்வளவு அடிதடி நடந்தது! இப்போது அதே எழுத்து இருந்தால்தான் பழைய காருக்கு மதிப்பு.

மதிப்பு கூடியதற்கு வேறு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்கள் மறுபடி வர 2025 ஆரம்பம் ஆகிவிட்டது. இடையில் பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. "இதை ஓட வச்சு வித்தா உனக்குப் பாதி, எனக்குப் பாதி புள்ள" என்று மாமா சொன்னார். எனக்கு அந்தப் பாதி தேவைப்பட்டது. முள்ளிவாய்க்காலிலிருந்து சட்டை விளிம்புக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த அம்மாவின் சங்கிலியை 2022 இல், சாமான் விலை ஏறிய நேரத்தில், அடகு வைத்திருந்தேன். மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். வட்டி கட்டமுடியாமல் தவணை கடந்து, 2023 தொடக்கத்தில் ஏல அறிவித்தல் கடிதம் வந்துவிட்டது.

இஞ்சினை மாமா ஏற்கெனவே சரிசெய்திருந்தார். மிச்சம் கியர் பெட்டி. காரை எடுத்துக்கொண்டு சென். கிளயர் நீர்வீழ்ச்சிப் பக்கம் போனால் முதலாம், இரண்டாம், மூன்றாம் கியர்களில் உறுமும். நாலாம் கியரில் உறுமல் நின்றுவிடும். அதைவிடப் பெரிய வில்லங்கம், இறக்கத்தில் காலை எடுத்ததும் இரண்டாம் கியர் தானாகக் கழன்று நியூற்றலுக்கு வந்துவிடும். இந்த ஊரில் அது விளையாட்டல்ல. 2023 ஜனவரியில் நானுஓயா, ரதல்லக் குறுக்கு வீதி இறக்கத்தில் பஸ்ஸும் வானும் மோதி ஏழு பேர் இறந்திருந்தார்கள். அது நடந்து சில கிழமைகள்தான். இறக்கத்தில் சின்னக் கியர் பிடித்துவைக்காத வண்டியை யாருக்கு மனச்சாட்சியோடு விற்பது? விலை கேட்ட ஒரு கராஜில், பெட்டியையே மாற்றவேண்டும், வேறு வழியில்லை என்று திறந்தும் பாராமல் சொல்லி ஒரு பெருந்தொகை கேட்டார்கள்.

மாமா வேறு மாதிரி. காரை நிற்பாட்டி, இஞ்சினை ஓடவிட்டு, "கிளச்ச மிதி, விடு, மிதி, விடு" என்றார். நியூற்றலில் கிளச் மிதிக்காதபோது மெல்லிய கரகர சத்தம். மிதித்தால் சத்தம் இல்லை. "கேட்டியா? கீழ்த்தண்டு" என்றார். நான் விளங்காமல் பார்க்க, கரித்துண்டால் தரையில் கீறிக் காட்டினார்.

பெட்டிக்குள் மேலே ஒரு தண்டு, கீழே ஒரு தண்டு. மேலேயுள்ளது உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு துண்டுகள். முன்துண்டு கிளச்சிலிருந்து சுற்றை வாங்கும், பின்துண்டு சில்லுக்கு அனுப்பும். நாலாம் கியரில் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பாரம் நேரே போய்விடும், கீழ்த்தண்டுப் பற்சக்கரங்கள் சும்மா சுற்றும். மற்றக் கியர்களில் முன்துண்டிலிருந்து கீழே இறங்கி, கீழ்த்தண்டு வழியாகப் போய், திரும்ப மேலே ஏறித்தான் பாரம் சில்லுக்குப் போகவேண்டும். ஆகவே முதல் மூன்றிலும் உறுமி, நாலில் உறுமாவிட்டால் தேய்ந்தது கீழ்த்தண்டும் அதன் ஊசிப் பெயாரிங்குகளும்தான்.

கணவர் ஏன் பெட்டியைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் பிடிபட்டது. கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு எல்லாம் ஒரே சமதரை. அங்கே கார் நாளெல்லாம் நாலாம் கியரில் ஓடும், கீழ்த்தண்டுக்கு ஓய்வு. தலவாக்கலை கடலிலிருந்து ஏறக்குறைய 1200 மீற்றர் உயரம், நுவரெலியா அதற்கும் மேலே. இங்கே ஓடும் காருக்கு நாலாம் கியர் எப்போதாவதுதான் கிடைக்கும்.

கழற்றும் வேலை இரண்டு நாள் எடுத்தது. மொறிஸ் மைனரில் ஒரு வசதி, கியர் பெட்டிக்காக இஞ்சினை இறக்கவேண்டியதில்லை. பற்றரி வயரை எடுத்துவிட்டு, முன் ஆசனங்களையும் விரிப்பையும் அகற்றினால் நடுவில் பெட்டியை மூடிய தகடு தெரியும். அதன் திருகாணிகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. அவற்றோடு மல்லுக்கட்டியதே ஒரு பொழுது. பிறகு கீழே படுத்து ஒயிலை வடித்தேன். வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தால் வெள்ளிப் பொடி மினுங்கியது. புரொப்பலர் ஷாப்ற் பூட்டிய இடத்தில் இரண்டு பக்கமும் கோடு கீறிவிட்டுத்தான் நட்டைக் கழற்றினோம், திரும்பவும் அதே முகத்தில் பூட்டுவதற்காக. ஸ்பீடோமீற்றர் கேபிள், ஸ்ரார்ட்டர், கிளச் இணைப்பு எல்லாம் வந்தன. இஞ்சினுக்குக் கீழே பலகை வைத்து ஜக் கொடுத்தோம். இன்னொரு ஜக் பெட்டிக்கு. கடைசிப் போல்ட் வந்ததும் பெட்டியை நேராகப் பின்னுக்கு இழுத்து மெதுவாக இறக்கவேண்டும். பாதியில் தொங்கவிட்டால் அதன் பாரத்தில் கிளச் தட்டு கோணிவிடும். கொழுந்து நிறைந்த கூடையை விடக் கனம்தான். ஆனாலும் ஜக்கும் பலகையும் இருந்தால் அது பலத்தைக் கேட்கிற வேலையல்ல.

மேசையில் வைத்துத் திறக்கும்போது பழைய சேலையொன்றைச் சுற்றிப் போர்த்தோம். கியர் மாற்றும் கம்பிகளை இழுத்தால் அவற்றைப் பிடித்துவைக்கும் சின்னக் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் துள்ளி ஓடும். அவை கராஜ் மண்ணுக்குள் விழுந்தால் தேடி எடுப்பது அரிசியில் கல் பொறுக்குவதை விடக் கஷ்டம். சேலையில் எல்லாம் அகப்பட்டன.

கீழ்த்தண்டை முன்னாலிருந்து பின்னுக்குத் தட்டி எடுத்ததும் பற்சக்கரக் கூட்டம் தொப்பென்று அடியில் படிந்தது. தண்டை விளக்குக்குக் கீழே பிடித்தோம். ஊசிகள் உருண்ட இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி. ஆனால் சக்கரங்களின் பற்கள் நல்லாகவே இருந்தன. இரண்டாம் கியரின் பித்தளை வளையம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்தக் கியரைப் பிடித்து நிறுத்தும் சின்னப் பற்களின் முனைகள் மழுங்கி, ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. கழன்று விழுந்ததற்குக் காரணம் அதுதான். பெட்டி முழுக்கப் போய்விட்டது என்று சொன்னார்களே, போனது இவ்வளவுதான்.

சாமான் தேடியது தனிக்கதை. 1990 களில் இங்கிலாந்தின் பாத் நகரத்துச் சார்ள்ஸ் வெயர் என்பவரும் இலங்கையரான தனபால சமரசேகரவும் சேர்ந்து, மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இந்த நாட்டிலேயே செய்விக்கத் தொடங்கினார்கள். அவ்வளவு தூரம் இந்தக் கார் இங்கே ஊறிப்போனது. எங்களுக்குத் தேவைப்பட்டதோ உள்சாமான். தண்டு, ஊசிகள், பக்கத்து வாஷர்கள், பித்தளை வளையங்களை மாமாவின் மகன் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி வாங்கிவந்தான். இரண்டாம் கியரை மாமா எப்போதோ பழைய இரும்புக்கு வாங்கி மேசைக்குக் கீழே போட்டிருந்த இன்னொரு பெட்டியிலிருந்து எடுத்தோம்.

பூட்டுவதில்தான் சிக்கல் வந்தது. ஊசிப் பெயாரிங் என்றால் பெயருக்கேற்ற மாதிரி மெல்லிய உருக்கு ஊசிகள். அவற்றைக் கிறீஸ் பூசிய துளைக்குள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் வட்டமாக நிறுத்தவேண்டும். மாமாவுக்குக் கண்ணில் பூ விழுந்து கிடந்தது, கையும் நடுங்கும். என் விரல் ஆறாவது ஊசியைத் தொடும்போது மூன்றாவது சாயும். தேத்தண்ணீர் கொண்டுவந்த அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "தள்ளும்மா" என்று உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்த விரல்கள். கண் ஒருபக்கம் பேச்சு ஒருபக்கம் இருக்க, விரல்கள் தாமாகவே ஊசியை எடுத்து நிறுத்தின. இரண்டு பக்கமும் முடித்துவிட்டு, "இதுக்குத்தானா ரெண்டு பேரும் காலையிலேருந்து முழிச்சீங்க?" என்று கேட்டார். நாங்கள் பேசாமல் தேத்தண்ணீரைக் குடித்தோம்.

ஊசிகள் சரியாதிருக்க, தண்டின் பருமனுக்குக் கொஞ்சம் மெல்லிதான கம்பியொன்றை நடுவில் விட்டோம். பற்சக்கரக் கூட்டத்தை முதலில் பெட்டியின் அடியில் கிடத்தி, மேல்தண்டைப் பூட்டி, பிறகு கீழ்க் கூட்டத்தை உயர்த்தி, கம்பியைத் தள்ளிக்கொண்டே புதுத்தண்டை உள்ளே விடவேண்டும். அது ஒரே ஓட்டமாகப் போய் முட்டியபோது மாமா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, பீடி ஒன்றைப் பற்றவைத்தார். பெட்டியைக் காருக்கு ஏற்றுமுன், பழைய முன்தண்டை ஆப்பாக விட்டுக் கிளச் தட்டை நடுவுக்குக் கொண்டுவந்தோம். இல்லாவிட்டால் எத்தனை முறை தூக்கினாலும் பெட்டி உள்ளே போகாது.

ஒயில் பற்றி ஒரு சொல். கியர் பெட்டிதானே என்று தடித்த கியர் ஒயில் ஊற்றுகிறவர்கள் அநேகம். மொறிஸ் மைனருக்கு இஞ்சின் ஒயில்தான், ஏறக்குறைய ஒன்றேகால் லீற்றர். சில கியர் ஒயில்களில் கலந்திருக்கும் மருந்து பித்தளை வளையத்தை அரிக்கும். எங்கள் பெட்டியில் முன்பு யாரோ அப்படித்தான் ஊற்றியிருந்தார்கள். வாடையே சொன்னது.

ஓட்டிப் பார்க்க நான்தான் போனேன். தலவாக்கலையிலிருந்து நானுஓயாப் பக்கம் ஏறி, திரும்பி இறங்கும்போது இரண்டாம் கியரைப் போட்டுக் காலை எடுத்தேன். கியர்த் தடியில் கை வைக்கவில்லை. அது அசையவில்லை. முதலாம் கியரில் மட்டும் பற்சத்தம் இருந்தது. அந்தக் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை, அது பிறவிக்குணம்.

கண்டியிலிருந்து காரைப் பார்க்க வந்த பெரியவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டி செய்த பாஸ் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார். மாமா என்னைக் காட்டினார். அவர் என்னையும் என் கையிலிருந்த கரியையும் பார்த்தார். பிறகு கீழ்த்தண்டு புதிதா, பழையதா என்று என்னிடமே கேட்டார். கழற்றிய பழைய தண்டைக் கொண்டுவந்து காட்டினேன். தழும்புகளைத் தடவிப் பார்த்துவிட்டு, அதைக் கடதாசியில் சுற்றித் தானே எடுத்துக்கொண்டார். பேசிய விலையில் ஒன்றும் குறைக்கவில்லை.

ஏலத் திகதிக்கு நாலு நாள் முன்னால் அடகுச்சீட்டோடு போய்ச் சங்கிலியை மீட்டேன். வட்டி போக மிஞ்சிய காசில் மகளின் ரியூஷன் பாக்கியைக் கட்டி, எனக்கென்று ஒரு சொக்கெற் ஸ்பானர் செற் வாங்கினேன்.