பின்னேர வகுப்புக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

பூவரசங்குளத்தில் பாடசாலை ஒன்றரை மணிக்கு விடும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கெல்லாம் பின்னேர வகுப்புக்கு வந்துவிடுவார்கள். காலையில் படிப்பிக்கும் ஆசிரியரும் பின்னேரம் படிப்பிக்கும் நாங்களும் அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே வருடங்கள் ஓடிவிடுவதுண்டு. பேசத் தொடங்கினாலோ தேவைக்கு மேலே போய்விடும். பாடசாலையிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று தெரிந்திருப்பதுதான் பின்னேர வகுப்பை நடத்துபவரின் முதல் வேலை. கதிரை, மேசை, பயிற்சிக் கொப்பி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எல்லோரும் முதலில் கேட்பது தவணைப் பரீட்சைப் புள்ளி. ஏழாம் தரப் பிள்ளை ஒன்றுக்குக் கணிதம் 28 என்று பட்டியல் வருகிறது. அந்த 28ஐ வைத்து நாளைக்கு எதைப் படிப்பிப்பது? பின்னம் விளங்கவில்லையா, வகுத்தலே வராதா, அல்லது வினாவை வாசிக்கவே முடியவில்லையா? வாசிக்கத் தடுமாறும் பிள்ளை கணிதத்திலும் விழும், விஞ்ஞானத்திலும் விழும், வரலாற்றிலும் விழும். காரணம் வகுப்பாசிரியருக்குத் தெரியும், ஆனால் புள்ளிப் பட்டியலில் அதை எழுத இடமில்லை. ஆகவே நாங்கள் பட்டியல் கேட்பதை விட்டோம். பிள்ளைக்கு மூன்று வரி கேட்கிறோம்: என்ன வரும், எந்த இடத்தில் நிற்கிறது, வகுப்பில் இப்போது என்ன நடக்கிறது. அரைத் தாளில் எழுதித் தரலாம். முத்திரை வேண்டாம், சுட்டெண் வேண்டாம்.

அந்தத் தாள் ஒருவழிப் பாதையாக இருந்தாலும் பயனில்லை. பின்னேரம் இருபது பிள்ளைகளோடு இருப்பவருக்கு, நாற்பது பேர் உள்ள வகுப்பில் தெரியாத சில தெரியும். பலகையில் உள்ளதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதுகிறாள் என்றால் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். தாயிடம் சொல்லி, தாய் சம்மதித்தால் வகுப்பாசிரியருக்கும் சொல்லுகிறோம். காலபோக அறுவடை நேரத்தில் பெரிய பிள்ளைகள் வராமல் விடுவதன் காரணம் வரவு இடாப்பில் இராது, எங்களுக்குத் தெரிந்திருக்கும். தொடர்ந்து இரண்டு இடத்துக்கும் வராத பிள்ளையைத் தேடிப் போக வேண்டும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு வரவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் படிப்பு. வன்னியில் சிக்கல் வருவது குடும்ப விபரத்தில்.

பின்னேர வகுப்புகள் பலவற்றுக்குக் காசு வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடமிருந்து வருகிறது. அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காசோடு ஒரு படிவமும் வரும். பிள்ளையின் படம், தந்தையின் நிலை, வீட்டு வருமானம், இடம்பெயர்ந்த கதை. அதை நிரப்பத் தாய்மாரைக் கூப்பிடுவோம், அல்லது பாடசாலையில் இருக்கிற பதிவேட்டையே கேட்போம். சில வருடங்களுக்கு முன் சாதாரண தர வகுப்புப் பிள்ளை ஒருவனின் தாய் அப்படியொரு படிவத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ரீச்சர், இதில உயிரோட இருக்கிறார், இறந்திட்டார் எண்டு ரெண்டு கட்டம்தான் இருக்கு. நான் எதுக்குள்ள புள்ளடி போடுறது?"

இறந்தவர் என்று பதியாமல் காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெறும் வழியை 2016இல் அரசாங்கத்தின் சட்டமே திறந்துவிட்டது. வவுனியாவில் 2017 பெப்ரவரியில் காணாமற்போனவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டமும் அந்தக் கேள்வியைத்தான் தெருவில் வைத்தது. அதற்குப் பதில் எழுதும் இடம் பின்னம் படிப்பிக்கிற வகுப்பின் படிவம் அல்ல. தந்தை எங்கே என்று தெரிந்தால் நான் வகுத்தலை வேறு மாதிரிப் படிப்பிப்பேனா? மாட்டேன். அப்படியானால் கேட்கவும் கூடாது. பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பேன், எழுதமாட்டேன்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் விபரங்களை விசேட கவனத்துக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பாவிக்க வேண்டும், தேவையான அளவே வாங்க வேண்டும், தேவை முடிந்த பிறகு வைத்திருக்கக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். எங்கள் ஊரில் இதை வாசித்தவர்கள் குறைவு. ஆனால் சட்டம் சொல்லுவதைத்தான் அந்தத் தாயும் கேட்டார்.

பெரிய இடங்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2013இல் இன்புளூம் என்ற அமைப்பு, பெரும்பாலும் கேற்ஸ் அறக்கட்டளையின் உதவியோடு, ஏறக்குறைய 10 கோடி டொலர் செலவில் மாணவர் விபரங்களை ஓரிடத்தில் சேர்த்துக் கல்விச் சேவை நிறுவனங்களும் பாவிக்க வழி செய்தது. நோக்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற கற்பித்தல். பெற்றோரைத் தங்களோடு சேர்த்துக்கொள்ள அவர்களால் முடியவில்லை. எதிர்ப்பு வலுத்து மாநிலங்கள் ஒவ்வொன்றாக விலக, 2014 ஏப்ரலில் மூடுவதாக அறிவித்தார்கள். அவ்வளவு காசும் தொழில்நுட்பமும் தாயின் சம்மதத்துக்கு ஈடாகவில்லை.

ஆகவே எங்கள் முறை சின்னது. பாடசாலையில் பிரதி அதிபர், எங்களில் ஒருவர், இவர்கள் இருவர் கையால்தான் தாள் மாறும். தாய் அல்லது பாதுகாவலர் முதலில் அதை வாசிப்பார். வாசிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துக் காட்டுவோம். வேண்டாம் என்ற வரியை அடிப்போம். வாட்ஸ்அப் குழுவில் புள்ளியோ படமோ போடுவதில்லை. புலமைப்பரிசில் முடிவு வரும் நாளில் இது கடினம்தான், சந்தோசத்தில் எல்லோருக்கும் கை துருதுருக்கும்.

ஒன்றில் மட்டும் சம்மதத்துக்குக் காத்திருப்பதில்லை. பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால், பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போவோம், அல்லது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழைப்போம். இரகசியம் காப்பது பிள்ளைக்காகத்தான், அடிப்பவருக்காக அல்ல.

அனுசரணை தருவோருக்கு இப்போது பிள்ளையின் பெயர் போவதில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வாசிக்கத் தொடங்கினார்கள், எதற்குக் காசு போதவில்லை என்று எழுதுகிறோம். ஒருசிலர் மனம் நொந்தார்கள், உதவியை நிறுத்தியவரும் உண்டு. பலர் விளங்கிக்கொண்டார்கள். பழைய படிவங்கள் இன்னும் அவர்களுடைய கணினிகளில் கிடக்கின்றன. அவற்றை அழித்துவிடும்படி ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறோம். பதில் வராதவர்களுக்கு மறுபடியும் எழுதுகிறோம்.