ஒரே அடுப்பு

பிப்ரவரி 3

இன்று முதல் வீட்டில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. கோதுமை, மைதா, ரவை, துவரம்பருப்பு, உளுந்து, கடலை, பால், தயிர், ஆப்பிள், மாம்பழம், காலிஃபிளவர், காளான் எதுவும் கிடையாது. கடையில் விற்கும் மசாலாப் பொடியும் கூடாது. அதில் வெங்காயத் தூளோ பூண்டுத் தூளோ கலந்திருக்கலாம். அரிசி, மீன், முட்டை, கேரட், கத்திரிக்காய், வெள்ளரி, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் உண்டு.

இது என் கணவர் வயிற்றுக்காக. போன மாதம் ஒரு காலை, தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறியவர் மறைமலைநகரிலேயே இறங்கித் திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கோதுமையால் உடலே தன் சிறுகுடலைத் தாக்கும் செலியாக் நோய்க்கான சோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்துவிட வேண்டுமாம். நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம். எல்லாம் நன்றாக இருந்தது. ஐபிஎஸ், அதாவது குடல் எரிச்சல் நோய் என்றார் டாக்டர். எல்லாம் நன்றாக இருக்கும் மனிதருக்கு ஏன் இப்படி வலிக்கிறது என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன்.

ரெண்டு சமையல் வேண்டாம், எல்லாருக்கும் ஒன்றே என்று அத்தை சொல்லிவிட்டார். ஒன்பதாவது படிக்கும் பாப்பாவும் சரி என்றாள்.

பிப்ரவரி 5

உணவியல் நிபுணர் பொறுமையாக விளக்கினார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் போன்றவர்கள் 2005 வாக்கில் வகுத்த முறை இது. வெங்காயத்திலும் பருப்பிலும் கோதுமையிலும் இருக்கும் சில சிறு சர்க்கரைகளைச் சிறுகுடல் சரியாக உறிஞ்சுவதில்லை. அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்க வைக்க, வாயு உண்டாகிறது. எல்லார் வயிற்றிலும் நடப்பதுதான். இவர் குடலுக்கு மட்டும் அந்த உப்பல் வலியாகத் தெரிகிறது.

இரண்டிலிருந்து ஆறு வாரம் எல்லாவற்றையும் விலக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். "விலக்கறது சோதனை மட்டும்தாம்மா. திரும்பச் சேர்க்கறதுதான் வைத்தியம்" என்றார். தலையாட்டினேன். மனசு முழுக்க நாளைக் காலைப் பலகாரத்தில் இருந்தது.

பிப்ரவரி 6

பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் கோதுமை மாவு.

பிப்ரவரி 9

ஞாயிறு. அத்தையும் நானும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மீனவர் குடியிருப்பை ஒட்டி ஃபைபர் படகுகள் கரையேறியிருந்தன. வலையிலிருந்து சங்கராவையும் காரப்பொடியையும் உதறிக்கொண்டிருந்தார்கள். மீனில் விலக்க வேண்டியது ஒன்றுமே இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

மீன்காரம்மாவிடம் அத்தை விவரம் சொன்னார். "வெங்காயம் பூண்டு இல்லாம கொழம்பா? இன்னா ருசி இருக்கும்?" என்று கேட்டவர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "புளியக் கெட்டியா கரைச்சி, மொளகு தூக்கலா போடு ஆயா. மீன் புதுசா இருந்தா அதுவே ருசி குடுக்கும்" என்றார்.

பூண்டு மணத்துக்கும் ஒரு வழி கிடைத்தது. பூண்டிலிருக்கும் அந்தச் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் பூண்டைச் சிவக்க விட்டு, துண்டுகளை முழுக்க எடுத்துப்போட்டு, அந்த எண்ணெயில் தாளித்து அதற்குப் பிறகே புளித்தண்ணீர் ஊற்றினேன். அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

பிப்ரவரி 14

நிபுணர் எழுதிக் கொடுத்த இந்த விலக்குத் தாள் அத்தைக்குப் புதிதாகவே படவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் பிறந்தவர். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் பூண்டும் வேண்டும், சொறி வந்தவனுக்குக் கத்திரிக்காயும் கருவாடும் கூடாது என்று பத்தியத்தோடு வளர்ந்தவர். சித்த வைத்தியர் மருந்து கொடுத்தால் பத்தியத்துக்கு நாள் கணக்கு இருக்கும், முடிந்ததும் அதை முறிக்க ஒரு நாள் குறிப்பார்கள் என்றார். "முறிக்காத பத்தியம் உண்டா? அது பட்டினி" என்றார்.

அமெரிக்காவில் ஆல்பர்ட் ரோ என்ற மருத்துவரும் 1920களிலேயே ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இப்படி உணவுகளை விலக்கிப் பார்க்கும் முறையை வகுத்தாராம். அத்தையிடம் சொன்னேன். "அவங்க வூட்லயும் ஒரு பாட்டி இருந்திருப்பா" என்றார்.

பிப்ரவரி 19

இன்று வலி இல்லை என்றார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

பிப்ரவரி 20

மறுபடி வலி. வெளியில் எதுவும் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, யார்மேல் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 27

பாப்பாவின் மதிய டப்பா நாலு நாளாகப் பாதி திரும்பி வருகிறது. இன்று திறந்தால் வெள்ளரியும் கேரட்டும் மட்டும் காலி, சோறு அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "அரிசியும் வேண்டாம்னு தோணுதும்மா, வயிறு லேசா இருக்கு" என்றாள். சிநேகிதிகள் ஒல்லியாகிவிட்டாய் என்றார்களாம். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம்தான் என்னைப் பயமுறுத்தியது.

இவளுக்கு எந்த நோயும் இல்லை. அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்தவள். பதினாலு வயதில் எலும்பு வளர்கிறது, மாதவிலக்கில் ரத்தம் போகிறது. பாலும் பருப்பும் நிற்கும்போதே நெத்திலியும் கீரையும் முட்டையும் கூட்டித்தான் ஈடுகட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சோற்றையும் தள்ளுகிறாள். கூடாது என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அடுத்த கூடாது எவ்வளவு சுலபமாக வருகிறது. கடலில் நெஞ்சளவு வரை கூடவே நடந்து வந்த பிள்ளை, நாம் திரும்பிய பிறகும் உள்ளே போய்க்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. இரவு அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். தூங்கவில்லை.

மார்ச் 2

நிபுணரிடம் பேசினேன். பாப்பாவுக்கு இன்றே நிறுத்தச் சொன்னார். நோயில்லாத, வளரும் பிள்ளை இந்தத் தாளைப் பின்பற்றவே கூடாதாம். எடையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச வேண்டாம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், இரண்டு வாரத்தில் அவளை அழைத்து வாருங்கள் என்றார்.

இரவு பாப்பாவுக்கு இட்லியும் சாம்பாரும். சின்ன வெங்காயம் வதங்கும் வாசனை வீடு முழுக்க. அவர் எதுவும் சொல்லாமல் தன் அரிசிப் புட்டோடு அவள் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு இட்லி சாப்பிட்டாள். மூன்றாவதை அத்தை வைத்தபோது தட்டை நகர்த்தவில்லை.

மார்ச் 13

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் கூடுவார்கள், போய்ப் பார்க்கலாம் என்று அவர்தான் சொன்னார். நான் நம்பாமல் இரண்டு தடவை கேட்டேன்.

மணலில் வரிசையாகக் குடில்கள், புடவையைத் தடுப்பாகக் கட்டியிருந்தார்கள். கன்னியம்மாவைக் கும்பிட எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கல்யாணப் பேச்சுகளும் இங்கேயே நடக்குமாம். நிலா ஏறும்வரை இருந்தோம்.

திரும்பும்போது பாப்பா கழிப்பறை வேண்டும் என்றாள். அவர் யோசிக்கவே இல்லை. இங்கே எது திறந்திருக்கும், திருக்கழுக்குன்றத்தில் எது, எதில் தண்ணீர் வராது என்று வரிசையாகச் சொன்னார். பிறகு தாம்பரம்வரை ஒவ்வொரு ஸ்டேஷனையும் சொன்னார். சிங்கப்பெருமாள் கோயில், மறைமலைநகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி. அந்த ரயில் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது.

என் தம்பி கல்யாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் வந்துவிட்டுப் போனார். திருப்பதிக்கு வரவில்லை. காலையில் பசிக்கவில்லை என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டு கிளம்புவார். சினிமாவில் எப்போதும் ஓர இருக்கை. பேருந்தில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னலோரம் தூங்கிவிட்டார்.

மார்ச் 17

திரும்பச் சேர்க்கத் தொடங்கியாயிற்று. ஒரு பொருள், மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. முதலில் பால். ஒன்றும் செய்யவில்லை. இத்தனை நாளும் காபியில்லாமல் இருந்தவர் இன்று இரண்டு டம்ளர் குடித்தார்.

மார்ச் 22

சின்ன வெங்காயம். இரண்டாம் நாளே வலி. தாளில் குறித்துக்கொண்டு, "இது தெரிஞ்சது நல்லதுதானே" என்றார். எனக்குத்தான் அழுகை வந்தது.

மார்ச் 30

பருப்பு பாதி வெற்றி. அத்தை எப்போதும் பயறை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் வேகவைப்பார். அந்தச் சர்க்கரை கொஞ்சம் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது என்று நிபுணரும் சொன்னார். அப்படிச் செய்த ஒரு கரண்டி தாங்குகிறது, இரண்டு தாங்கவில்லை. கோதுமையும் பூண்டும் இனிமேல்தான்.

பாப்பாவின் டப்பா இந்த வாரம் மூன்று நாள் காலியாக வந்தது, இரண்டு நாள் அப்படி வரவில்லை. நிபுணர் மறுபடி பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்.

ஜூனில் அலுவலகம் இவரை மதுரைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறதாம். போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே ஓட்டலில் வெங்காயம் இல்லாமல் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். "போய்ப் பார்த்துக்கலாம்" என்றார். நாளையிலிருந்து அரை சப்பாத்தி.