சூரைச்செடியின் கீழ்



சில ஆண்டுகளுக்கு முன், மகனை இழந்து உறக்கமின்றித் தவித்த ஒரு தாயிடம், "எலியாவும் முள்ளின் கீழேதான் உட்கார்ந்தான், அம்மா" என்று சொல்லி ஜெபித்துத் திரும்பினேன். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தின் சூரைச்செடியை, கொக்கிமுள் நிறைந்த நம் காட்டுச் சூரையாகவே எண்ணியிருந்தேன். அது என் பிழை.

மூலமொழியாகிய எபிரெயத்தில் அதன் பெயர் ரோதெம். நெகேவ், சீனாய் வனாந்தரங்களின் வறண்ட ஓடைப்படுகைகளில் வளரும் புதர்மரம் அது, முள் கிடையாது. சிற்றிலைகள் விரைவில் உதிர்ந்துவிட, பச்சைக் குச்சிகளே நிற்கும். குளிர்காலம் முடிகையில் அவற்றில் வெண்பூக்கள் அடர்ந்து மலரும். இஸ்ரவேலர் பாளயமிறங்கிய ரித்மா (எண்ணாகமம் 33:18) என்னும் பெயரும் இதனோடு தொடர்புடையதே. ஜேம்ஸ் அரசரின் ஆங்கில வேதாகமம் இதனை 'ஜூனிப்பர்' என்றது. நம் மொழிபெயர்ப்பாளர் 'சூரை' என்றனர். தம் நாட்டில் வளராத மரத்துக்கு அவர்கள் வேறென்ன பெயர் இடுவார்கள்?

அதன் நிழல் சல்லடை நிழல்தான். ஆயினும், சாவைக் கேட்டவன் அங்கே தூங்கினான். அதன் கரி நெடுநேரம் கனலும். 120-ஆம் சங்கீதம் கூறும் தழல் அதுவே. எலியாவின் தலைமாட்டில் இருந்த அடையும் அத்தழலில் வெந்ததோ என்று நான் நினைப்பதுண்டு. வேதம் அதைச் சொல்லவில்லை. தூதன் அவனைக் கடிந்துகொள்ளவும் இல்லை. இருமுறை தட்டியெழுப்பி, உண்ணச் சொன்னான், அவ்வளவே.

அந்தத் தாயை மீண்டும் சென்று கண்டு, முள்ளைப் பற்றிச் சொன்னதைத் திருத்தினேன். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "அவர் தூங்கினாரா, ஐயா?"