வசவை வெட்டினால் நந்தன் கதையில் என்ன மிஞ்சும்?

கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரம்' 1860-களின் தொடக்கத்தில் அச்சானபோது உதவியவர் காரைக்காலில் இருந்த சிசே என்ற பிரெஞ்சு அதிகாரி. அந்த வகையில் அது நம் புதுச்சேரிக்கும் உரிய நூல். அதில் பண்ணை முதலாளியான வேதியர், சிதம்பரம் போக ஏங்கும் தன் பண்ணையாள் நந்தனைச் சாதி சொல்லித் திட்டுகிறார். போக வேண்டுமென்றால் 40 வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். 40 வேலி என்றால் 260 ஏக்கருக்கும் மேல். பாகூரிலும் வில்லியனூரிலும் நடவு நட்ட கைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கின் கொடூரம் யாரும் சொல்லாமலே விளங்கும். பெரியபுராணத்தில் இந்த வேதியரே இல்லை. பாரதியார் அவரைப் படைத்ததால்தான் பக்திக் கதைக்குள் பண்ணையடிமை முறை வெளிச்சத்துக்கு வந்தது. வகுப்பில் அந்த வசவை வெட்டிவிட்டுப் பாடம் நடத்தினால் வேதியர் வெறும் கண்டிப்பான முதலாளியாகிவிடுவார், நந்தன் பட்டது வெறும் வேலைப்பளுவாகிவிடும்.

"சேரியிலிருந்து வரும் பிள்ளை வகுப்பில் அதைக் கேட்டுக் கூனிக் குறுக வேண்டுமா?" என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. அந்த வரிகளை எந்தப் பிள்ளையையும் எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லக் கூடாது. ஆசிரியர் முன்கூட்டியே பின்னணி சொல்ல வேண்டும். கூடவே 1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' போன்ற நூலையும் வைக்க வேண்டும். திட்டு வாங்கியவர்களின் குரலும் அதே வகுப்பில் கேட்கட்டும். இதற்கெல்லாம் பயிற்சி இல்லாத ஆசிரியரிடம் பாடத்தைத் தள்ளிவிடுவதுதான் ஆபத்து. தமிழாசிரியர்களே, நூலில் கை வைக்காதீர்கள். நடத்தும் முறையை மாற்றுங்கள்.