நான் போகும் ஹோட்டல்கள்

ஹோட்டலைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உனக்கு என்ன அருகதை என்று யாராவது கேட்டால் பதில் தயாராக வைத்திருக்கிறேன். என் கதைகளில் பாதி ஹோட்டல் மேஜையில் உட்கார்ந்து யோசித்தவை. மீதிப் பாதி, ஹோட்டலில் இடம் கிடைக்காமல் தெருவில் நின்று யோசித்தவை. இரண்டில் எது தேவலை என்று வாசகர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் சைவம். சமயத்தைச் சொல்லவில்லை, சாப்பாட்டைச் சொல்கிறேன். நெற்றி நிறைய நாமம் போட்டவர் ஹோட்டல் வாசலில் நின்று, "இது சைவம்தானே?" என்று விசாரித்துவிட்டு உள்ளே நுழைகிற தேசம் இது. பிறந்த வீட்டில் மாமிசம் கிடையாது. ஆகவே நானும் சாப்பிட்டுப் பழகவில்லை. இதில் என் சாதனை என்று ஒன்றும் இல்லை. ஜீவகாருண்யத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் உத்தேசமும் இல்லை. இரவில் கொசு கடித்தால் பளாரென்று அடிக்கிற மனிதன்தான் நான்.

ஒரு ஹோட்டலை எதை வைத்து மதிப்பிடுவது? சிலர் சாம்பாரை வைத்து மதிப்பிடுகிறார்கள். அது நியாயம் இல்லை. சாம்பார் ஊருக்கு ஊர் வேறு. உடுப்பிக்காரர் கொஞ்சம் வெல்லம் போட்டால் தஞ்சாவூர்க்காரர் முகத்தைச் சுளிக்கிறார். மதுரைக்காரர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கிறார். என் கணக்கில் ரசம்தான் பரீட்சை. பருப்பையும் தேங்காயையும் கொண்டு சாம்பாரின் குறையை மறைத்துவிடலாம்; ரசத்தில் மறைத்துக்கொள்ள இடம் இல்லை. அடுத்தபடி, கை கழுவுகிற இடம். முன்னால் கண்ணாடியும் பூச்சாடியும் வைத்துவிட்டு, பின்னால் கை கழுவுகிற இடத்தில் வாழைச் சருகும் வழுக்கலுமாக விட்டிருந்தால், சமையலறையை எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை.

சென்னையில் எனக்குப் பிடித்தது மயிலாப்பூரில் அருண்டேல் தெருச் சந்துக்குள் இருக்கும் ராயர் கபே. இதை ஹோட்டல் என்று சொன்னால் பக்கத்துக் கட்டடங்கள் சிரிக்கும். சில பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். காலையில் போனால் முன்னே வந்தவர்கள் எழுந்திருக்கும் வரையில் வெளியே நிற்க வேண்டும். ஆனால் அந்த இட்லியும் கெட்டிச் சட்னியும் வந்து உட்கார்ந்ததும் நின்ற கால்வலி மறந்துபோகும். அங்கே சாப்பிடுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. எதிரே நிற்கிறவர்கள் நம் இலையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன பேசுவது?

திருவல்லிக்கேணி ரத்னா கபே வேறு ரகம். 1948-ல் ஆரம்பித்தது. அங்கே சாம்பார் தொட்டுக்கொள்ளும் பண்டம் அல்ல. இட்லி நீந்துகிற பண்டம். ஸர்வர் கூஜாவுடன் வந்து, போதும் என்று நாம் கை காட்டும் வரையில் ஊற்றுவார். பலர் கை காட்டுவதில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தனிக்கட்டையாக இருக்கும் பிள்ளைகள், மாதக் கடைசியில் ஒரு பிளேட் இட்லியை வைத்துக்கொண்டு இரண்டு கூஜா சாம்பாரில் பசியாறுவதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஸர்வரும் முகம் கோணியதை நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட ஹோட்டல் ஒன்று இருந்தால் ஒரு பேட்டையில் அன்ன சத்திரம் இருந்த மாதிரி.

போனவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்ததே, 1962-ல் தொடங்கியது, 2008-ல் மூடியாயிற்று. அங்கே காரிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது பெயர். எனக்குக் கார் இல்லை. அதனால் ஒன்றும் குறைவில்லை. உள்ளே போய், மரம் தெரிகிற பக்கமாக ஒரு மேஜையைப் பிடித்து, ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு மத்தியானம் முழுவதும் உட்காரலாம். யாரும் 'வேறென்ன சார்?' என்று வந்து நிற்க மாட்டார்கள். சினிமாவுக்குக் கதை சொல்ல வந்தவர்கள், கதை கேட்க வந்தவர்கள், பெண் பார்க்க வந்த கூட்டம், பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள், ரிடையரான பெரியவர்கள் எல்லாருக்கும் அங்கே இடம் இருந்தது. என் முதல் நாவலின் நாலு அத்தியாயங்களை அங்கேதான் எழுதினேன். அந்த நிலத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்காவைத் திறந்தார்கள். பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பூங்காவில் காப்பியை வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. வெறுமே யோசிக்க வேண்டும். அது எனக்கு வருவதில்லை.

இப்போதைய புது ஹோட்டல்களில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. சைவ ஹோட்டலிலிருந்து காய்கறிகள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருக்கின்றன. அட்டையைப் பிரித்தால் பன்னீர் பட்டர் மசாலா, பன்னீர் டிக்கா, பன்னீர் தோசை, பன்னீர் ஊத்தப்பம். மிஞ்சினால் காலிபிளவரை மாவில் புரட்டிப் பொரித்து, சிவப்புச் சாயம் பூசி, ஒரு சீனப் பெயர் வைத்துவிடுகிறார்கள். வாழைப்பூ எங்கே? கொத்தவரங்காய் எங்கே? மணத்தக்காளி வற்றல் எங்கே? கேட்டால், "அதெல்லாம் மீல்ஸில் வரும் சார்" என்கிறார்கள். மீல்ஸில் வருவது முட்டைக்கோஸ். நேற்றும் முட்டைக்கோஸ், நாளையும் முட்டைக்கோஸ். கோழியைச் சாப்பிடாமல் இருப்பதற்கு இது ஒரு தண்டனையா என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வருகிறது.

நெடுஞ்சாலை ஹோட்டல்களைப் பற்றி எழுதாமல் இருப்பதே தர்மம். இரவு பஸ் ஓட்டுநர் எங்கே நிறுத்துகிறாரோ அதுதான் நம் விதி. ஒன்று மட்டும் சொல்கிறேன். செங்கல்பட்டைத் தாண்டினால் 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்ற பலகைக்குப் பஞ்சமே இல்லை. பித்தளை டவரா டம்ளர் ஜோராகப் பளபளக்கிறது. உள்ளே இருக்கும் திரவத்துக்குக் கும்பகோணம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

கடற்கரைக்குப் போனால் எனக்குக் கவலையே இல்லை. தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் யாருக்கும் எந்தக் கேள்வியும் இல்லாமல் கிடைக்கும். மதுரையில் ஜிகர்தண்டா குடிக்கும்போது மட்டும் ஒரு தரம் தயங்கினேன். அதில் போடும் கடல்பாசி என்னமோ ஏதோ என்று பயம். அது கடலில் வளர்கிற தாவரம்தான் என்று கடைக்காரர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். இப்படி என்னைப்போல் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பாரோ, பாவம்.

வேடிக்கை ஒன்றைக் கவனித்தீர்களா? 2014-ல் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் புலால் உண்ணாதவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேற மாட்டார்கள். மூன்று பேருக்காகவா தெருவுக்குத் தெரு இத்தனை 'உயர்தர சைவ உணவகம்'? இல்லவே இல்லை. சைவ ஹோட்டலை வாழவைப்பவர்கள் மற்ற தொண்ணூற்றேழு பேர்தாம். வெள்ளிக்கிழமை, கிருத்திகை, அமாவாசை, புரட்டாசி மாதம் முழுவதும் என்று அவர்கள் வந்து நிரப்புகிறார்கள். மற்ற நாட்களிலும் காலை இட்லிக்கு வருகிறார்கள். அவர்கள் நம் ஹோட்டலுக்கு வருகிறார்கள். நாம் அவர்கள் ஹோட்டலுக்குப் போவதில்லை. போகாததோடு நின்றாலும் பரவாயில்லை. வருகிறவர்களுக்கே ஒரு காலத்தில் வாசல் சுலபமாகத் திறக்கவில்லை.

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் 'பிராமணர்', 'மற்றவர்' என்று தனித்தனி இடம் இருந்தது. 1941-ல்தான் அதை எடுத்தார்கள். 1950-ல் வந்த அரசியல் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவில், கடை, பொது உணவு விடுதி, ஹோட்டல் இவற்றில் சாதி சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு தேசத்தின் அடிப்படைச் சட்டத்தில் காப்பி ஹோட்டலுக்கும் இடம் கொடுக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னால் பெரியார் மறியலைத் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்தது. நூற்றுக்கணக்கில் கைதானார்கள். கடைசியில் பலகையிலிருந்து அந்தச் சொல் இறங்கியது.

என் நண்பர் ஒருவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். என் புத்தகங்களில் ஒற்றுப் பிழைகள் குறைவாக இருந்தால் அந்தப் புண்ணியம் அவருக்குத்தான். இருபது வருஷப் பழக்கம். மாதம் இரண்டு தரமாவது ஒன்றாகச் சாப்பிடுவோம். எப்போதும் என் ஹோட்டல்களில்தான். ஒரு நாள் ரவா தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க தாத்தா கொத்தனார் சார். சுதந்திரத்துக்கு முன்னாடி மயிலாப்பூர்ல ஒரு காப்பி ஹோட்டலுக்குச் சுவர் எழுப்பினாரு. வேலை முடியற வரைக்கும் உள்ளே போகலாம். திறப்பு விழா அன்னிக்குக் கொல்லைப்பக்கம் நிக்க வெச்சுக் கொட்டாங்கச்சியில காப்பி ஊத்தினாங்களாம்."

எனக்குத் தோசை இறங்கவில்லை. அவரோ சாவகாசமாகச் சட்னியைத் தொட்டுக்கொண்டு, "காப்பி ரொம்ப நல்லா இருந்துச்சின்னு கடைசி வரைக்கும் சொல்லுவாரு" என்றார்.

கொட்டாங்கச்சி போயிற்று. ஆனால் அதன் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் தெருவில் ஒரு மாடிப் போர்ஷன் காலியாயிற்று. நண்பருக்குப் பார்த்துப் பேச நான்தான் போனேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர். உபசரித்துக் காப்பி கொடுத்தார். "வெஜிடேரியன்தானே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நீங்கள் வருவதானால் வாடகையில் ஆயிரம் குறைத்துக்கொள்கிறேன். அவருக்கு வேண்டாமே" என்றார். சமையல் வாசனையைப் பற்றி மட்டும்தான் அவர் கவலைப்பட்டார் என்று நம்ப நானும் ஆசைப்பட்டேன். ஆனால் நண்பரின் சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டாரே, வாசனைக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம்? 2018-ல் சென்னையின் பெரிய கல்வி நிலையம் ஒன்றில், சாப்பாட்டுக் கூடத்தில் சைவ மாணவர்களுக்குத் தனி வாசல், தனிக் கை கழுவும் தொட்டி என்று காகிதம் எழுதி ஒட்டினார்கள். கூச்சல் எழுந்ததும் கிழித்துவிட்டார்கள். ஒட்டினவர் யாராக இருந்தாலும் மெத்தப் படித்தவர்கள் நடுவில்தான் ஒட்டினார்.

இதற்கு நேர் எதிராக ஓர் இடம் உண்டு. 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகங்களைத் தொடங்கினார்கள். இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து, சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று என்று விலை வைத்தார்கள். கொடுப்பதெல்லாம் சைவம்தான். ஆனால் வாசலில் 'சைவம்' என்று பலகை இல்லை. 'உயர்தரம்' என்றும் இல்லை. சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். யார் சமைத்தது என்று வரிசையில் நிற்கிற யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வந்தவர், டை கட்டிய விற்பனைப் பிரதிநிதி எல்லாரும் உயர மேஜையின் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று சாப்பிடுகிறார்கள். ருசி அமோகம் என்று பொய் சொல்ல மாட்டேன். சாம்பாரில் கொஞ்சம் கஞ்சத்தனம் தெரியும். ஆனாலும் நடைபயணமாகப் போகிற நாட்களில் அங்கே இரண்டு இட்லி சாப்பிடாமல் வருவதில்லை.

போன வருஷம் நான் நண்பரிடம், "இந்தத் தடவை உங்கள் ஹோட்டலுக்குப் போவோம்" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "அங்கே உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதே சார்" என்றார். இருபது வருஷமாக அவருக்குப் பிடித்தது என் ஹோட்டல்களில் கிடைக்கவில்லை, அவர் வரவில்லையா என்று கேட்டேன். ராயப்பேட்டைப் பக்கம் ஒரு பிரியாணிக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

வாசனை கஷ்டமாகத்தான் இருந்தது. மூக்குக்குக் கொள்கை தெரியாது. ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தேன். ஸர்வர் பையனிடம் நண்பர், "சார் சைவம்" என்று மெல்லச் சொன்னார். பையன் பதறிவிட்டான். "ஐயோ, முட்டை போடற கல்லுலதாண்ணே தோசையும் போடுவோம். சாருக்கு ஆகுமா?" என்று கேட்டான். கல்லாவில் இருந்த பாய் எழுந்து வந்து, "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி எங்கேயோ ஆள் அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் எதிர்ச் சாரிக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் தயிர் சாதமும் மாங்காய் ஊறுகாயும் வந்தன. பையன் என் கண் முன்னாலேயே ஒரு தட்டை இரண்டு தரம் வெந்நீர் விட்டுக் கழுவி, அதன்மேல் வாழை இலையைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அவனாகச் செய்தான்.

நண்பர் ஒரு பிரியாணியைச் சாப்பிட்டு, இன்னொரு அரைப் பிரியாணி வாங்கிக்கொண்டு, என் புது நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே பாத்திரத்துக்கு இரண்டு பெயர் வந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். பேசிக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் வந்து 'வேறென்ன?' என்று கேட்கவில்லை. பில்லை அவர்தான் கொடுத்தார். அதில் தயிர் சாதம் இல்லை. பாயிடம் கேட்டதற்கு, "அது நாங்க சமைச்சது இல்லையே, எப்படிக் காசு வாங்கறது?" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமும் அங்கேதான் போனோம்.