ஹேண்ட் பிரேக்கும் 700 ரூபாயும்

போன மே மாதம் பேரன் லீவுக்கு வந்திருந்தான். ஆம்பூர் வெயிலில் பிள்ளையை எத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க முடியும்? ஏலகிரிக்குப் போய் வரலாம் என்று எங்கள் மாருதி 800-ஐ எடுத்தேன். 2006-ல் வாங்கிய வண்டி. அந்த மாடலைத் தயாரிப்பதைக் கம்பெனியே 2014-ல் நிறுத்திவிட்டது. நான்தான் இன்னும் விடவில்லை.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதோ எட்டாவதோ தாண்டியதும், "தாத்தா, வாந்தி வருது" என்றான். ஓரங்கட்டி நிறுத்தினேன். கியரை நியூட்ரலில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் தேடிப் பின்சீட் பக்கம் திரும்பினேன். அவனும் பாட்டியும் இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"ஏங்க!" என்று என் மனைவி போட்ட சத்தத்தில்தான் கால் பிரேக்கை மிதித்தேன். இரண்டடி நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். பேரனுக்கும் பம்பருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்று இன்றுவரை நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரு கல்லைத் தூக்கிவந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள்.

மறுநாள் மெக்கானிக் பாயிடம் போனேன். பல வருடமாக எங்கள் வண்டியைப் பார்ப்பவர். லீவரை இழுத்துப் பார்த்தார். ஒன்பது, பத்து பல் ஏறியும் பிடிக்கவில்லை. "கேபிள் போச்சு சார். ரெண்டு பக்கமும் மாத்திடலாம். கேபிள் நீங்களே வாங்கிக் குடுங்க. கூலி 700 ஆவும்" என்றார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முப்பத்திரண்டு வருடம் தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவன் நான். கூலி பில்லெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். கூலி என்ற சொல்லைப் பார்த்தாலே என் பேனா குறைக்கப் பார்க்கும். "இதுல என்ன பெரிய வேலை?" என்பது நான் தினமும் கேட்ட கேள்வி. அன்றும் மனதுக்குள் அதையே கேட்டுக்கொண்டேன். இரண்டு கம்பி மாற்ற 700 ரூபாயா? யூடியூபில் ஒருவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே மாற்றுகிறார்!

பார்த்தால் எளிமையான சமாசாரம்தான். கால் பிரேக், ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்வது. ஹேண்ட் பிரேக்குக்கு ஆயில் கிடையாது, கம்பி மட்டும்தான். லீவரை இழுத்தால் வண்டிக்கு அடியில் ஓடும் கேபிள் இழுபடும். அது பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மோடு அழுத்தும். சைக்கிள் பிரேக் மாதிரி உறைக்குள் ஓடும் கம்பி. உறை கிழிந்து தண்ணீர் இறங்கினால் துருப்பிடித்து உள்ளேயே இறுகிவிடும், இல்லை இழை இழையாக அறும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தேன். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது என்பதால் ஸ்டாண்ட் இரவல் வாங்கி வைத்தேன். 67 வயதில் காருக்கு அடியில் நான் போவதைப் பார்த்த மனைவி, "நான் இங்கயே நிக்கறேன்" என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இடப்பக்க டிரம்மைக் கழற்றவே ஒன்றரை மணி நேரம். உள்ளே ஈரமாக, கறுப்பாக என்னவோ படிந்திருந்தது. கிரீஸ் என்று நினைத்துப் பழைய பனியன் துணியால் துடைத்துப் போட்டேன். ஷூவைக் கழற்றும்போது ஸ்பிரிங் ஒன்று தெறித்துத் துளசி மாடத்தில் போய் விழுந்தது. எது எந்த ஓட்டையில் இருந்தது என்று படம் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. வலப்பக்க டிரம் அசையவே இல்லை. மதியம் ஒரு மணிக்குச் சட்டையெல்லாம் கரியோடு பாய்க்குப் போன் போட்டேன்.

"சாப்ட்டு வரேன் சார்" என்றார். வந்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. ஸ்பிரிங்கைக்கூடப் பார்க்கவில்லை. நான் துடைத்துப் போட்ட துணியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், இது கிரீஸ் இல்ல. பிரேக் ஆயில். வீல் சிலிண்டர் ஒழுகுது."

எனக்குக் கை கால் சில்லிட்டது. நான் கேபிளை மட்டும் மாற்றி மூடியிருந்தால், ஆயிலில் ஊறிய ஷூ அப்படியேதான் இருந்திருக்கும். ஒழுகி ஒழுகி ஆயில் குறைந்தால் ஒருநாள் கால் பிரேக்கும் கைவிட்டிருக்கும். அந்த வண்டியில்தான் பேரனை வைத்துக்கொண்டு 14 வளைவும் இறங்கி வந்திருக்கிறேன்.

மறுநாள் பொருள் வாங்கிவந்து வேலையை முடித்தார்: இரண்டு கேபிள், இரண்டு சிலிண்டர், ஷூ செட். ஆயில் லைனில் காற்று எடுக்கும்போது பெடலை மிதிக்கிற வேலை எனக்கு. "மிதிங்க... புடிங்க... விடுங்க." ஷூவைச் சரியான இடைவெளிக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேபிளை இறுக்கினார். "நெறைய பேரு கேபிளை மட்டும் முறுக்கிட்டுப் போயிடுவாங்க சார். ஷூ ஒரசிட்டே ஓடி டிரம்மு கொதிக்கும்" என்றார். ஐந்தாவது பல்லில் வண்டி நின்றது.

கேபிளுக்கு 700, சிலிண்டருக்கு 500, ஆக 1,200 கூலி கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன். என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தொழிற்சாலையில் தோலைத் தடவிப் பார்த்தே தரம் பிரிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். எங்கே பருமன் குறைகிறது, எங்கே கீறல் ஒளிந்திருக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரியும். ஒரு தீபாவளிக்கு முன்னால் கூலி ஏற்றிக் கேட்டு வந்தார். "தடவிப் பாக்கறதுக்கு எவ்வளவுங்க குடுக்கறது?" என்று கேட்டு நான் சிரித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். இப்போது அவர் உயிரோடு இல்லை. பாய் துணியை முகர்ந்த நேரத்தில் எனக்கு அவர் விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

வைப்பர், பல்பு, ஏர் ஃபில்டர், பேட்டரி எல்லாம் இன்றும் நானே மாற்றிக்கொள்கிறேன். தப்பானால் வண்டி ஓடாது, அவ்வளவுதானே. தப்பானால் நிற்காது என்கிற வேலையைப் பாயிடம் விட்டுவிடுகிறேன். அவர் சொன்ன இரண்டு விஷயத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மேட்டைப் பார்த்து நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கோடு முதல் கியரும், இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ் கியரும் போட்டுவிட்டு இறங்குங்கள். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் வைப்பதானால் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

ஏலகிரியில் மனைவி தூக்கி வைத்த அந்தக் கல் இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது. எடுத்துப் போடச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள். நானும் வற்புறுத்துவதில்லை.